குளிரே இல்லாத ஊருக்கு நாற்பதாம் நம்பர்

திருவனந்தபுரம் சாலை பஜாரில் இஞ்சின் ஆயில் கடை வைத்திருப்பவனுக்கு இரண்டு இடத்தில் பிசுக்கு ஒட்டும். ஒன்று கை, இன்னொன்று வாய். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம்.

வருகிறவர் ஒரு டப்பா கேட்டால் அதை எடுத்து நீட்டிவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவன் நான். கூடவே ஒரு புத்திமதியும் போகும். உங்களில் யாராவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றால், அல்லது அப்படி உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு குடும்பம் நடத்துகிறீர்கள் என்றால், இந்த வியாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். வாருங்கள், சேர்ந்தே அழுவோம்.

என் புத்திமதி ரொம்பச் சின்னது. இப்போது வருகிற ஆயில் டப்பாக்களில் இரண்டு எண் போட்டிருக்கும். குளிரில் எவ்வளவு இளக்கம் என்பதற்கு முதல் எண், சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு இரண்டாவது எண். பழைய வகை ஆயிலில் ஒரே எண்தான். நாற்பது என்றால் நாற்பது. நல்ல தேன் பதத்தில், ஊற்றும்போதே மனசுக்கு ஒரு திருப்தியாக இருக்கும். திருவனந்தபுரத்தில் மார்கழி மாதத்திலும் ஃபேன் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறோம். இல்லாத குளிருக்கு எதற்கு ஒரு எண்? இந்தக் கேள்வியை நான் கேட்காத கார்க்காரர் இந்தப் பஜாரில் குறைவு.

சிவப்பு விளக்கு

இந்தக் கொள்கை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் என் மனைவி சுகந்தி. அவள் நர்ஸ். பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் அவளுக்கு வேலை கிடைத்தது. எங்கள் வீடு நெடுமங்காட்டில். மேலே போகிற பஸ்ஸோ எப்போதாவது ஒன்று. அங்கேயே குவார்ட்டர்ஸ் தருகிறார்கள், வாரம் முழுக்கத் தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு மட்டும் வருகிறேன் என்றாள். அவளுக்கு அது சரிதான். எனக்குச் சரியில்லை. ராத்திரி சாப்பிடும்போது எதிரில் ஒருத்தி உட்கார்ந்து, "கடையில இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்கவேண்டும், நான் எல்லாவற்றையும் கொட்டவேண்டும். அது நடக்காவிட்டால் எனக்கு அந்த நாள் முடியாது. ஆகவே என் கடைக்கு வருகிற ஒருவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கிக் கொடுத்தேன். அவள் காரில் மலைக்கு, நான் பஸ்ஸில் சாலைக்கு.

சித்திரை பிறந்தது. ஒருநாள் மத்தியானம் அவள் மலையிறங்கி வந்து, அடிவாரத்துச் சந்திப்பில் கார் நிற்கும்போது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆயில் விளக்கு சிவப்பாக மினுங்கியிருக்கிறது. இந்த வண்டியை நம்பி அந்த வளைவுகளில் இறங்க மாட்டேன், குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கே பழைய ஆயிலை இறக்கிவிட்டு நாற்பதை ஊற்றினேன். தேய்ந்த இஞ்சின், சூட்டில் ஆயில் தண்ணீராக இளகிவிட்டால் அழுத்தம் விழும். கெட்டியாக இருந்தால் தாங்கும். தாங்கியது. அந்த வேனல் முழுக்க விளக்கு எரியவே இல்லை. குவார்ட்டர்ஸ் சாவியைப் பற்றிய பேச்சும் இல்லை.

நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. சுகந்தி ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம வீட்டுல ஒரு காரியம் நீங்க சொன்னபடி நடந்தது இதாக்கும் முதல் தடவை. அதுக்காகக் கண்டவங்களையும் பிடிச்சு இதையே சொல்லிட்டு இருக்காதீய."

கரமனை சாமியின் கார்

நான் சொல்லத் தொடங்கிய முதல் ஆள் கரமனை சாமி. அக்கவுண்ட்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர், அக்ரஹாரத்தில் சொந்த வீடு. அமெரிக்காவில் இருக்கும் மகன் அவருக்குப் புத்தம் புதிய கார் ஒன்றை வாங்கி நிறுத்திவிட்டுப் போயிருந்தான். சாமிக்கு அதை ஓட்டப் பயம். ஆனால் சும்மா விட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று மகன் சொல்லியிருந்தான். ஆகவே குளித்து, விபூதி இட்டு, காலையில் போர்வையை விலக்கி, கார் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு, அணைத்து, திரும்பவும் போர்த்திவிடுவார். சந்தியாவந்தனம் தவறினாலும் இது தவறாது.

ஒரு வருஷம் ஆகிறது, ஆயில் மாற்றவேண்டும் என்று வந்தார். கையில் மகன் எழுதி அனுப்பிய எண் இருந்தது; இரண்டு எண், இரண்டும் சின்னது. நான் சிரித்தேன். "சாமி, உங்க பையன் இருக்கிற ஊர்ல பனி பெய்யும். அவருக்கு அது சரி. கரமனையாத்துல ஐஸ் மிதந்து பார்த்திருக்கேளா?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். அவருக்கு நியாயம் என்று பட்டது. நாற்பதோடு போனார். இறுக்கமாகச் செய்த புது இஞ்சின், ஒரு நாளாவது முழுசாகச் சூடாகாத இஞ்சின். காலையில் அந்தத் தேன் பதம் மேலே ஏறி எல்லா மூலைக்கும் போய்ச் சேருவதற்குள் உள்ளே இருக்கிறதெல்லாம் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன், வேகம் அப்படி.

பத்துப் பதினைந்து நாளில் சாமி திரும்பி வந்தார். கோபமே இல்லை, அதுதான் இன்னும் மோசம். ரொம்பப் பதவிசாகச் சொன்னார்: "முன்னெல்லாம் ஸ்டார்ட் பண்ணினா பண்ணினதே தெரியாது, அண்ணாச்சி. இப்போ போடற சத்தத்துல, நாங்க புதுசா கிரைண்டர் வாங்கியிருக்கோம்னு நெனச்சுண்டு, எதிராத்து மாமி ஊறப்போட்ட அரிசியோட வந்து நிக்கறா."

சஜீவின் வண்டிக்கு வந்த நோய்

ஒரு சாமி போனால் போகட்டும், அது ஓடாத கார், ஓடுகிற காரில் காட்டுகிறேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சஜீவ் கிடைத்தான். தம்பானூரில் இருந்து ஏர்போர்ட்டுக்கும் கோவளத்துக்கும் நாள் முழுக்க ஓடுகிற டாக்ஸிக்காரன். மலையாளி, ஆனால் என்னோடு பேசும்போது தமிழ் பேசுகிறதாக நினைத்துக்கொண்டு பேசுவான். நான் மலையாளம் பேசுவதும் அந்த லட்சணம்தான். வெயிலில் வேகிற வண்டி, இதற்கு இல்லாத நாற்பது வேறு எதற்கு என்று, அவன் கேட்டதை உள்ளே வைத்துவிட்டு நாற்பதை எடுத்துக் கொடுத்தேன். அவன் வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதை நான் கேட்டுக்கொண்டேன், காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் கழித்து வந்தான். வண்டியில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை அவனால். சூடாகவில்லை, புகை இல்லை. பெட்ரோல் முள் மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் சாய்கிறது. பச்சை விழுந்ததும் பக்கத்து வண்டியெல்லாம் போய்விடுகிறது, இவன் வண்டி யோசித்துவிட்டுக் கிளம்புகிறது. மலையாளத்தில் நோய்க்கு அசுகம் என்பார்கள், சோம்பலுக்கு மடி என்பார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னது இதுதான்: "வண்டிக்கு அசுகம் ஒண்ணும் இல்லை அண்ணாச்சி, ஒரு மடி. திங்கட்கிழமை ஸ்கூலுக்குப் போக எனக்கு இருந்ததில்லையா, அதே மடி."

விரல் வித்தை

இதையெல்லாம் பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சண்முகம் பிள்ளை. திருநெல்வேலிக்காரர், நாட்டு மருந்துக் கடை. சுக்கு, திப்பிலி, கடுக்காய் வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்து என் கடை வியாபாரத்தைக் கவனிப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு.

எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆயிலை ஒரு சொட்டு எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, விரல்களை மெல்லப் பிரித்து, அந்த நூல் எவ்வளவு தூரம் அறுபடாமல் வருகிறது என்று பார்த்து எண்ணைச் சொல்லிவிடுவேன். கடைக்கு வருகிறவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். எனக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்த ஒரு நாளில், கடையில் நாலு பேர் நிற்கும்போது, பிள்ளை ஒரு டப்பா மூடியில் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்தார். பொன்னிறம், நல்ல கனம். "மச்சான் மிலிட்டரியில இருந்து கொண்டுவந்தது, என்ன நம்பர்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். தேய்த்தேன். பிரித்தேன். நூல் அறுபடவே இல்லை. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. ஐம்பது, சந்தேகமே வேண்டாம், இந்தத் தரம் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை, இதைப் போட்டால் இஞ்சின் உங்கள் பேரன் காலம் வரைக்கும் ஓடும் என்று நாலு பேருக்கும் சேர்த்துப் பிரசங்கம் செய்தேன்.

நான் முடிக்கிற வரைக்கும் பிள்ளை மரியாதையாகக் கேட்டார். பிறகு மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "இது நம்ம கடை வெளக்கெண்ணெய், அண்ணாச்சி. ஓடும்னு நீங்க சொன்னது சரிதான், ஆனா இஞ்சின் இல்ல" என்றார்.

கேட்காமல் ஊற்றியது

மழை வந்து போனது. சாமி கார் கம்பெனிக்காரரிடம் போய்விட்டார். சஜீவ் தனக்கு வேண்டிய டப்பாவைத் தானே அலமாரியில் இருந்து எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டான். என் கொள்கைக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி சுகந்தியின் கார். அது மலை ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது, அவள் ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டும் இருந்தாள். வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் என் ஜாதி என்றால் இருந்திருக்க மாட்டீர்கள். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது, நாற்பதே இவ்வளவு செய்கிறதே என்று, யாரும் கேட்காமல், ஐம்பதை ஊற்றினேன். விளக்கெண்ணெயில் பட்ட அவமானத்துக்காக அல்ல, ஆனால் அதுவும் மனசில் இருந்தது.

ஊற்றி முடித்துவிட்டுத்தான் அவளிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நல்லபடியாக ஓடுகிறதை எதற்குத் தொட்டீர்கள் என்று கேட்டாள். வெயிலுக்குத்தான் என்றேன். மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்: "எந்த வெயிலுக்கு? நேத்து நான் அங்க ஸ்வெட்டர் போட்டுட்டாக்கும் பிள்ளைகளுக்கு ஊசி குத்தினேன்."

குரங்குக் குல்லா

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்று சுகந்தி கூப்பிட்டாள். ஒரு ராத்திரிக்கு மட்டும் குவார்ட்டர்ஸ் சாவி வாங்கித் தங்கிவிட்டுக் காலையில் இறங்குவதாகத் திட்டம். பொன்முடி குளிர் என்றால் நமக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். நான் சாலை முழுக்கத் தேடி ஒரு குரங்குக் குல்லா வாங்கினேன். ஸ்வெட்டர், அதற்கு மேல் மஃப்ளர், காதில் பஞ்சு, காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி சாக்ஸ். கார் வெளியே பனியில் நின்றது. அதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

விடிந்தும் விடியாமலும் கதவைத் தட்டினார்கள். லயத்தில் கொழுந்து கிள்ளுகிற மாரியம்மாளுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப் பிரசவம். தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. தோட்டத்து ஜீப் முந்தின நாளே கீழே போயிருந்தது. இருந்த ஒரே வண்டி எங்களுடையது. மாரியம்மாளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அவள் அம்மாவைக் கூட ஏற்றி, சுகந்தி சாவியைத் திருப்பினாள். ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகியது. இரண்டாவது முறை பாதியில் நின்றது. மூன்றாவது முறை ஒரு 'டிக்', அவ்வளவுதான். உள்ளே ஐம்பதாம் நம்பர் மெழுகு மாதிரி இறுகி உட்கார்ந்திருந்தது; பேட்டரியும் பழசு, அதால் அந்தக் கனத்தைச் சுழற்ற முடியவில்லை. பின்சீட்டுக் கண்ணாடி வழியாக மாரியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆயில் கடைக்காரர் ஏதாவது செய்வார் என்று. என் வாய்க்கொழுப்பால் ஒரு பெண்ணுக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"நிக்காதீய, தள்ளுங்க" என்றாள் சுகந்தி. லயத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். மலை என்பதால் ஒரு நன்மை, முன்னால் இறக்கம். எல்லாருமாகத் தள்ளினோம். வண்டி உருண்டது. முதல் வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, இருமி, பிடித்துக்கொண்டது. பிடித்ததும் நிற்கவில்லை, நிறுத்தினால் அணைந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பனிக்குள் போய்விட்டது. நான் வளைவில் குரங்குக் குல்லாவோடு நின்றேன். என்னைச் சுற்றிச் சேலைத் தலைப்பை மட்டும் போர்த்திக்கொண்டு பெண்கள் நின்றார்கள். மத்தியானம் போன் வந்தது. பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் பார்க்காமல் இருக்கக் குல்லாவைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் சுகந்தி மேலே வந்தாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன், போடவில்லை. குவார்ட்டர்ஸ் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். இந்த வண்டி காலையில் ஒரு சாவியில் எழும்புகிற வரைக்கும் நான் இங்கேயே இருக்கிறேன், ஒரு உயிர் வந்து கதவைத் தட்டினால் ஆள் வேண்டும் என்றாள். பிறகு என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு முறை பார்த்தாள். "தலைக்குக் குல்லா, காதுக்குப் பஞ்சு, காலுக்கு ரெண்டு சாக்ஸ். இஞ்சினுக்கு மட்டும் சித்திரை மாசமாக்கும், இல்லியா?"

மடியில் ஒரு டப்பா

அன்று பஸ்ஸில் தனியாக வீட்டுக்கு வந்தேன். நானே வடித்த சோறு இருந்தது, குழம்பு இருந்தது, எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அன்றைக்கு ஆயிரம் விஷயம் நடந்திருந்தது, கேட்கத்தான் ஆளில்லை.

மறுநாள் காலையில் கடையைத் திறந்து என் சொந்த அலமாரியில் இருந்து இரண்டு எண் போட்ட டப்பா ஒன்றை எடுத்தேன். இருபது, ஐம்பது. குளிரில் இளகி நிற்கும், சூட்டில் கெட்டியாக இருக்கும், பழைய இஞ்சினுக்கென்றே செய்தது. இத்தனை நாளும் அது என் தலைக்கு மேல் அலமாரியில்தான் இருந்தது. ஒரு புது பேட்டரியும் வாங்கிக்கொண்டு நான் ஷட்டரை இழுப்பதைப் பார்த்துப் பிள்ளை வெளியே வந்தார். யாருக்கு என்றார். மலைமேல் ஒரு கஸ்டமருக்கு என்றேன். டப்பாவில் இருந்த இரண்டு எண்ணையும் படித்தார், சிரிக்கவில்லை. "அந்தக் கஸ்டமர் வீட்டுக்கு வர்ற வரைக்கும் நீங்க வாயத் தொறக்காம இருங்க, அண்ணாச்சி. கடைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். குல்லா போடவில்லை, காது விறைத்துப் போனாலும் அன்றைக்கு அதைப் போட எனக்கு மனசு வரவில்லை. மலையில் என் கையால் ஐம்பதை இறக்கினேன். அது இறங்க மனமில்லாமல் இறங்கியது. புதியதை ஊற்றி, பேட்டரியை மாற்றி, ராத்திரி முழுக்கக் காரைப் பனியிலேயே விட்டோம். காலையில் சுகந்தி சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத்துணி எடுக்க வந்திருந்த மாரியம்மாளின் அம்மாகூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி நாற்பதை விற்கவே கூடாதா என்று சுகந்தியிடம் கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் குவார்ட்டர்ஸ் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "வெயில் காலத்துல, பழைய வண்டிக்கு, கேட்டு வாற ஆளுக்குக் குடுங்க. கேக்காத ஆளுக்குச் சும்மா ஒரு கும்பிடு போட்டா போரும்."

நான் மலையிறங்கிக் கடைக்கும் போய்விட்டு வந்த அன்று ராத்திரி, வீட்டில் அவள் என் எதிரில் உட்கார்ந்து, "கடையில இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள். இத்தனை வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாக, "ஒண்ணும் இல்ல, நீ சாப்பிடு" என்றேன்.